அரை மணிக்கு ஓர் எழுத்து

டோக்கன் முப்பத்தொன்று உள்ளே போயிருந்தது. அவர்கள் நம்பர் நாற்பத்தேழுக்கு இன்னும் பதினைந்து பேர் தாண்ட வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தால் ஒன்றேகால் மணி நேரம், நடுவில் யாராவது அழ ஆரம்பித்துவிட்டால் கூடப் பத்து நிமிஷம், பத்தொன்பதாம் நம்பர் அறைக்குள் போகிறவர்களில் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள், ஆக எப்படியும் பன்னிரண்டு தாண்டிவிடும் என்று கலாமணி நினைத்தாள். நினைத்ததையே மறுபடி நினைத்தாள். மடியில் நோட்டு இருந்தது. அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் யாரும் நோட்டைத் திருட மாட்டார்கள், திருடினால் செருப்பைத்தான் திருடுவார்கள், இருந்தாலும் பிடித்திருந்தாள். இடது பக்கத்தில் அவள் புருஷன் நாச்சிமுத்து பெஞ்சில் சாய்ந்து கிடந்தான். தலை சுவரில், வாய் லேசாகத் திறந்து, சட்டைப் பையில் ஓ.பி. சீட்டு நாலாக மடித்துச் செருகியிருந்தது. மணி பத்தரை. அவள் நோட்டைத் திறந்து இன்றைய தேதிக்கு நேரே பத்தரை என்று எழுதி, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். தூங்கினால் தூ. முழித்திருந்தால் மு. மூன்றாவதாக ஓர் எழுத்து உண்டு, அதை அவள் ஒன்பது நாளாகத்தான் எழுதிவந்தாள். ந. நடிப்பு. அவன் தொண்டையைப் பார்த்தாள். தொண்டைக்குழி ஒரு தரம் ஏறி இறங்கியது. நிஜமாகத் தூங்குகிறவன் எச்சில் விழுங்க மாட்டான், அது அவளே கண்டுபிடித்து வைத்திருந்த சட்டம். ந என்று எழுதினாள். பயமாக இருந்தது. உள்ளங்கை வேர்த்து நோட்டின் அட்டை பிசுபிசுத்தது.

பயப்படாமல் என்ன செய்வது, அவள் கண்ணின் லட்சணம் அப்படி. கலாமணி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். பதினாலு வருஷமாகச் செக்கிங். மேஜையில் குவிந்த பனியனை ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு, பிறகு உள்பக்கம் திருப்பி மறுபடி கழுத்து, தோள், கை. ஓட்டையோ கறையோ விட்ட தையலோ கண்ணில் பட்டால் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டி ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். ஸ்டிக்கர்களைக் கைக்கு வாகாக இடது முன்கையில் வரிசையாக ஒட்டிவைத்துக்கொள்வாள். சில நாள் அப்படியே வீட்டுக்கு வந்து, சோறு தின்று, பாத்திரம் கழுவும்போதுதான் பார்ப்பாள். சரக்கு வாங்குகிற சில பார்ட்டிக்குப் பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும். சில பார்ட்டி நூத்துக்கு நூறு கேட்பான். "நூத்துக்கு நூறுன்னா ஒரு பீஸைக்கூட நம்பக்கூடாது அம்மிணி, கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கோணும்" என்று வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் சொன்னதை அவள் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். பதினாலு வருஷத்தில் அவள் மேஜையைத் தாண்டிப் போன ஒரு பீஸ் குறை என்று திரும்பி வந்ததில்லை. கெட்டிக்காரி என்று பேர். இந்தக் கெட்டிக்காரிதான் வீட்டுக்குள் இருந்த ஒரே ஒரு ஆளைக் கோட்டைவிட்டாள். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் அதை நினைப்பதுதான். ரெண்டரை. அந்த ரெண்டரை மணி வந்து நின்றுவிட்டது, இனி போகாது, எவ்வளவு சுற்றிப் போனாலும் கடைசியில் அங்கேதான் கால் இடறும்.

ஆறு மாசத்துக்கு முன்னால் அவன் அதே கம்பெனியில் வேன் டிரைவர். காலையில் படியூர், காங்கேயம் பக்கத்துப் பெண்களை ஏற்றிவந்து இறக்குவான், சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடுவான். அவளும் அதே வேனில் முன்சீட்டில். அந்த வாரம் அவன் பேச்சு கொஞ்சம் கூடியிருந்தது, சிரிப்பு கூடியிருந்தது, புதுச் சட்டை மூன்று எடுத்தான், தூக்கம் வரவில்லை என்றான், வராவிட்டால் என்ன கலா, உடம்பு காத்தாட்டம் இருக்குது என்றான். காத்தாட்டம் இருந்தால் நல்லதுதானே என்று அவளும் இருந்துவிட்டாள். மூன்றாவது ராத்திரி விழிப்புத் தட்டியபோது பக்கத்தில் பாய் காலி. வாசலில் தண்ணீர்ச் சத்தம். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், அவன் வேனைக் கழுவிக்கொண்டிருக்கிறான். சக்கரத்தைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்க்கிறான், வாயில் பாட்டு வேறு. மணி ரெண்டரை. அவள் என்ன செய்தாள்? கதவைத் திறந்தாளா? மகள் மௌனிகாவை எழுப்பினாளா? திரையை விட்டாள், வந்து படுத்தாள், திரும்பிப் படுத்தாள், தூங்கிவிட்டாள். சுகமாகத் தூங்கினாள். அன்று சாயங்காலம் வேன் படியூரில் நிற்கவில்லை. நிறுத்துங்கண்ணா என்று பின்னாலிருந்து கத்தினார்கள், விளையாடறார் என்று சிரித்தார்கள், காங்கேயத்திலும் நிற்காதபோது சிரிப்பு நின்றது. "உங்க ஒருத்தியாவது கடலைப் பாத்திருக்கறீங்களா? இன்னிக்குக் காட்டறேன், நாகப்பட்டினத்துக்குப் போறோம்" என்றான். பதினோரு பெண்கள். வெள்ளகோவிலில் வேகத்தடைக்கு வண்டி மெதுவானபோது அவர்களில் ஒருத்தி, கோமதி, கதவைத் திறந்து குதித்தாள், மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது. தென்னிலை தாண்டி டீசல் தீர்ந்ததால்தான் நின்றார்கள். அதுவரைக்கும் கலாமணி முன்சீட்டில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதுதான் பயம். கோபமாக இருந்திருந்தால் கையைப் பிடித்துக் கடித்தாவது நிறுத்தியிருப்பாள்.

முப்பத்தைந்து, ராமாத்தா! கதவருகே நின்ற அட்டெண்டர் நம்பரோடு பேரையும் சேர்த்துக் கூவினார், ஒரு கிழவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். பதினோரு மணி. நோட்டு. நாச்சிமுத்துவின் இமை துடித்தது. ந. அந்த வேன் ஓட்டத்துக்குப் பிறகு அவனை இங்கே மனநல வார்டில் சேர்த்திருந்தது பதினாறு நாள். வெளியே விடும்போது டாக்டரம்மா இவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார், "தூக்கம் குறையறதுதாம்மா இவருக்கு மொத அடையாளம், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாலதான் வரும். எப்பப் படுத்தாரு, எப்ப எந்திரிச்சாருன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க." டாக்டரம்மா சொன்னது பத்துக்கு ஒன்று. கலாமணி காதில் விழுந்தது நூத்துக்கு நூறு. படுத்த நேரமும் எழுந்த நேரமும் போதுமா, நடுவில் எட்டு மணி நேரம் யார் கண்ணில் பார்த்தது? ரெண்டரையை யார் பார்ப்பது? அரை மணிக்கு ஒரு தரம் அடிக்கும்படி போனில் அலாரம் வைத்தாள், சத்தம் இல்லாமல் அதிர மட்டும் செய்யும், தலையணைக்கடியில் வைத்துக்கொண்டால் கன்னத்தில் கொசு கடித்த மாதிரி சுருக்கென்று எழுப்பும். எழுந்து போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பாள், எழுதுவாள், படுப்பாள். தூ, தூ, தூ. ஐந்து மாசம். மாசா மாசம் டாக்டரம்மா கேட்பார், "தூங்கறாரா?" "ஏழு மணி நேரம் தூங்கறாருங்க." அதோடு சரி, நோட்டை யாரும் கேட்டதில்லை, இவளும் காட்டியதில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் கம்பெனி முதலாளி ஆள் அனுப்பிச் சொன்னார், ஒண்ணாம் தேதியிலிருந்து நாச்சிமுத்து வரட்டும், ஆள் ஏத்துற வண்டி வேண்டாம், பண்டல் ஏத்துற ஆட்டோவை ஓட்டட்டும், டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கி வரட்டும் என்று. அவன் முகம் மலர்ந்தது. அன்று ராத்திரியிலிருந்து அவளுக்கு அலாரம் தேவைப்படவில்லை.

தூக்கம் வராததை அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. முன்பெல்லாம் கண் எரியும், மேஜையில் தலை சாயும். இப்போது எரிச்சல் இல்லை, கொட்டாவி இல்லை, எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது, பனியனின் நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. முந்தாநாள் ஒரே ஷிப்டில் அவள் தள்ளிவிட்ட பீஸ் மட்டும் ஒரு பண்டல். சூப்பர்வைசர் வந்து எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "எங்க இருக்குது குறை, எனக்குத் தெரியலியே" என்றார். உங்களுக்குத் தெரியாதுங்க என்றாள். பாவம், அவர் கண் அவ்வளவுதான். இதோ இந்த வராண்டாவிலும் எத்தனை குறை. எதிரே சிவப்புப் பையோடு இருக்கிற பொம்பளை வந்ததிலிருந்து இந்தப் பக்கமே பார்க்கிறாள், கோமதிக்கு வெள்ளகோவிலில் ஒரு சித்தி உண்டு, அவளாக இருக்கலாம், நாச்சிமுத்துவுக்கு மறுபடி வண்டி கொடுக்கிறார்களாமே என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கலாம். இவள் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அட்டெண்டர் தொண்டையைக் கனைக்கிறார். ஒரு தரம் கனைத்தால் சளி. நாலு தரமும் நோட்டைத் திறக்கையில் கனைத்தால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், என் கண்ணுக்கு இருட்டே இல்லை, ராத்திரியும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியில் ஒரு கம்பி மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சிவப்புப் பைக்காரியின் ரவிக்கையில் ஒரு கொக்கி மாறிப் போட்டிருந்தது. முன்கையைத் தடவினாள், வெள்ளிக்கிழமை ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டு இன்னும் இருந்தன, அம்பு இரண்டும் முழங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தான். திறந்ததும் இவளைத்தான் பார்த்தான். "டீ வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டு, அவள் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டான், பிறகு, "உனக்கு டீ வேண்டாம், பால் வாங்கிட்டு வர்றேன்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்குப் பால் வாங்கிக் கொடுத்ததே இல்லை. ஏன் பால்? பாலில் என்ன? போகிறவனின் முதுகைப் பார்த்தாள். நேராக நடந்தான், மெதுவாக நடந்தான், வேண்டுமென்றே மெதுவாக நடக்கிறான் என்று பட்டது. இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்று சொன்னதே அவன்தான். மாசாமாசம் காட்டுகிற ரிவ்யூவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நேற்றுக் காலையில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தி, "நாளைக்கு டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்தர்லாமா கலா" என்றான். லெட்டர் வாங்கத்தான் இவ்வளவு அவசரம் என்று அவளுக்குப் புரிந்தது. சரிங்க என்றாள். உள்ளுக்குள் நினைத்தாள், வாங்க, வந்து மாட்டிக்குங்க, நோட்டு என் கையில் இருக்கிறது. அப்படி நினைத்தது நினைவு வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கட்டின புருஷனைப் பற்றி நினைக்கிற நினைப்பா இது. பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவள் கவனித்தாள், அவன் தன் ஃபைலை எடுத்து வரவில்லை. பழுப்பு ஃபைல், உள்ளே பதினாறு நாள் சேர்ந்திருந்த காகிதம், மாத்திரைச் சீட்டு எல்லாம் இருக்கும். "உங்க ஃபைலு எங்கீங்க?" "இருக்கட்டும் விடு, அது வேண்டியதில்ல." வேண்டியதில்லையாம். ஃபைல் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிற மனுஷனுக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று யார் சொல்வார்கள். அதையும் நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள்.

பாலைக் குடித்தாள். சூடு நெஞ்சில் இறங்கியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் கிளாஸை ஊதி ஊதிக் குடித்தான். உள்ளே போய் என்ன சொல்வது? நடிக்கிறாருங்க என்று சொல்ல வேண்டும். ஒன்பது ராத்திரியும் கண்ணை மூடிக்கொண்டு முழித்திருக்கிறாருங்க, லெட்டர் கொடுத்துடாதீங்க, மறுபடி சேர்த்துக்குங்க. சேர்த்துக்கொள்வார்கள். பதினாறு நாளோ, இருபத்தாறோ. போன தரம் வார்டுக் கதவு சாத்தும்போது அவன் கம்பி வழியாகக் கையை நீட்டி, "என்னைய விட்டுட்டுப் போறியா கலா" என்றான், அழவில்லை, சாதாரணமாகக் கடைக்குப் போறியா என்று கேட்கிற மாதிரி கேட்டான். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து அவள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், தேங்காய்பன் விற்கிறவர் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடி அந்தக் கதவா. மறுபடி அந்தக் கையா. ஆனால் சொல்லாவிட்டால்? ஒண்ணாம் தேதி ஆட்டோ. ஆட்டோவில் பெண்கள் இல்லை, பண்டல்தான், ஆனால் ரோட்டில் ஆள் இருக்கிறார்களே, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பல்லடம் ரோடு எப்படி இருக்கும் தெரியுமா, சைக்கிளாகக் கொட்டும். சொன்னால் பாவம். சொல்லாவிட்டால் கொலை. இரண்டு பக்கமும் பற்றி எரிகிற கொள்ளியில் எறும்பு எந்தப் பக்கம் போகும். அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்த மாதிரி வாங்கியது.

"எந்தப் பக்கம் போவ?" என்றான் நாச்சிமுத்து. "என்னது?" "நீதான் கேட்ட, எறும்பு எந்தப் பக்கம் போகும்னு." வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். எப்போது சொன்னாள், எதுவரைக்கும் சொன்னாள், நடிக்கிறாருங்க என்பதையும் சொல்லிவிட்டாளா? அவன் முகத்தில் கோபம் இல்லை. சிவப்புப் பைக்காரி இப்போது நன்றாகவே பார்த்தாள். மௌனிகாவும் நேற்று இப்படித்தான் பார்த்தாள், சாப்பிடுகிற தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏம்மா இவ்வளவு வேகமாப் பேசற, ஒண்ணுமே வெளங்கல" என்று. வேகமாகவா? இவர்கள்தான் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவளுக்கு அடுத்த மூன்று தெரிந்துவிடுகிறது. பதினொன்றரை. எழுதினாள். எழுதியபின் சும்மா பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். போன செவ்வாய். பதினொன்று ந, பதினொன்றரை ந, பன்னிரண்டு ந, பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை, ரெண்டு, ரெண்டரை. ரெண்டரையை மட்டும் எல்லாப் பக்கத்திலும் வட்டம் போட்டிருந்தாள். மூன்று, மூன்றரை, நாலு. ஒரு கட்டம்கூட விடவில்லை. புதன். ஒரு கட்டம்கூட விடவில்லை. வியாழன். எழுத்து அழகாக, வரிக்கு வரி நேராக இருந்தது, இவ்வளவு அழகாக அவள் பள்ளிக்கூடத்தில்கூட எழுதியதில்லை. ஒரு கட்டம்கூட விடவில்லை என்றால் என்று ஒரு நினைப்பு எழும்பியது. எழும்பிப் பாதி வழியில் நின்றது. பனியனின் உள்பக்கத்தைத் திருப்புகிற மாதிரி அந்த நினைப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, கை வரவில்லை. நோட்டை மூடினாள். காதுக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, யாரோ எதையோ கழுவுகிற சத்தம், ஆஸ்பத்திரி என்றால் எங்காவது கழுவத்தானே செய்வார்கள்.

நாற்பத்து நாலு, கதிர்வேல்! நாற்பத்தைந்து, நூர்ஜஹான்! நூர்ஜஹான் இல்லை, வெளியே போயிருந்தாள், அதனால் கணக்கு ஒரு ஆள் முந்தியது. பன்னிரண்டு மணிக்குப் பைக்குள் போன் அதிர்ந்தது தெரியாமல் கலாமணி எழுத மறந்துவிட்டாள். ஐந்து மாசத்தில் முதல் தடவை. அவசரமாகத் திறந்து நாச்சிமுத்துவைப் பார்த்தாள், இப்போது மணி பன்னிரண்டு பதினைந்து, பன்னிரண்டுக்கு இவர் எப்படி இருந்தார், பார்க்கவில்லையே, பார்க்காத பீஸை எந்தப் பக்கம் தள்ளுவது. அவன் முழித்துத்தான் இருந்தான். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கால் லேசாக நடுங்குவதைப் பார்த்தாள். அவனுக்கும் பயம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தாறு போய் வந்தது. நான் சொல்லப்போகிறேன், இந்த மனுஷனை நானே கொண்டுபோய்க் கம்பிக்கு அந்தப் பக்கம் விடப்போகிறேன், சாமி, கதவு திறக்காமலே இருக்கட்டும். கதவு திறந்தது.

"நாப்பத்தேழு! கலாமணி!"

அவள் எழவில்லை. அட்டெண்டர் கையிலிருந்த காகிதத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "நாப்பத்தேழு, கலாமணி யாரு?" என்றார். நாச்சிமுத்து எழுந்து அவள் முன்னால் நின்றான்.

"எந்திரி கலா."

"உங்க பேரச் சொல்லலீங்களே. பேர மாத்திக் கூப்படறாங்க. நீங்க சீட்டுப் போடறப்ப உங்க பேரச் சொல்லலீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. "உங்க பேரே உங்களுக்கு மறந்துபோச்சுங்களா? அய்யோ, நான் சொன்னனே, நான் எழுதி வெச்சிருக்கறனே!"

"மறக்கல. கம்முனு கேளு." அவன் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து அவள் மடியில் நோட்டின்மேல் வைத்தான். கலாமணி, முப்பத்தெட்டு, பெண். "உன்ற பேர்லதான் போட்டேன். ஒம்பது நாளா நீ கண்ண மூடல. நான் பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தேன்."

"அப்ப நடிச்சீங்களா?"

"நடிச்சேன்."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். செக்கிங்காரியின் சந்தோஷம். தப்பவில்லை, ஒரு பீஸ்கூடத் தப்பவில்லை, எழுதிய ந அத்தனையும் சரி. அது அடங்குவதற்குள் பயம் வந்தது, இதுவரை வந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பாதி வழியில் நின்ற நினைப்பு மீதி வழியையும் வந்து சேர்ந்தது. ஒரு கட்டம்கூட விடவில்லை. அந்தக் கட்டத்தில் அவன் தூங்கினானோ நடித்தானோ, எழுதிய கை முழித்திருந்தது.

"நான் கண்ணத் தொறந்தா நீ பயந்துக்கற," என்றான் நாச்சிமுத்து. "மூடிக்கிட்டா நீயும் செத்த நேரம் சாயுவீன்னு பாத்தேன். நீ சாயல. இது எப்படிப் போகும்னு எனக்குத் தெரியுமில்ல கலா. உள்ளருந்து பாத்தவன் நான். எல்லாம் பளிச்சுனு தெரியும், உடம்பு காத்தாட்டம் இருக்கும்."

அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் ஊசி போட்டுத் தூங்க வெச்சிருவாங்களா? வேண்டாமுங்க. நான் தூங்கிட்டா உங்களை யாருங்க பாக்கறது? அன்னிக்கு நான் தூங்கிட்டனுங்க. நீங்க வேனக் கழுவறதப் பாத்தேன், பாத்துட்டும் வந்து படுத்துக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. கோமதி கை ஒடிஞ்சது என்னாலதானுங்க."

"தெரியும். சன்னல் திரைய நீ வெலக்குனப்பவே பாத்தேன்." அவன் குனிந்து, அவள் முன்கையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் இரண்டையும் நகத்தால் பெயர்த்து எடுத்தான், பேச்சுக்கு நடுவில் கை சும்மா இருக்க முடியாமல் செய்கிற வேலை மாதிரி. "இனி எனக்குத் தூக்கம் வரலீன்னா நானே உன்னைய எழுப்பிச் சொல்றேன். ரெண்டரையோ மூணோ, தட்டி எழுப்பறேன். நீ தூங்கினாத்தான எழுப்ப முடியும்?"

ஐந்து மாசம் ஒரே பாயில் கிடந்து இரண்டு பேரில் ஒருவரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. நம்பலாமா என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கழுத்து, இமை, தொண்டைக்குழி, பழக்கம் விடுமா. ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவையாக அந்த முகத்தில் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, களைத்துப்போன ஒரு மனுஷனின் முகமாகத்தான் இருந்தது. பைக்குள் போன் சுருக்கென்று அதிர்ந்தது. பன்னிரண்டரை. கை தானாகப் பேனாவுக்குப் போனது.

"ஏம்மா, கலாமணி இருக்கறாங்களா, இல்ல நாப்பத்தெட்டக் கூப்படட்டுமா?" என்றார் அட்டெண்டர்.

அவள் பேனாவை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"நாந்தானுங்க," என்றாள்.